மணி அடிக்கலதானே?

“மணி அடிக்கலதானே சுதா? அப்ப பயமில்லதானே?”

தலையில் போட்டிருந்த சாக்கை உதறியபடி ஜெயம்மா மேட்டுக் கோயிலின் சின்ன அறைக்குள் வந்தாள். நிவித்திகலப் பக்கம் மூன்று நாளாக விடாத மழை.

“அடிக்கலக்கா,” என்றாள் சுதர்ஷினி.

தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது அந்த அறையில்தான். அங்கே அந்த மலைப் பக்கத்துக்கான அனர்த்த எச்சரிக்கைச் செய்திகள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். ‘மண்சரிவு’ என்ற சொல் வந்தால் கம்ப்யூட்டரே அதைப் பிடித்து, கோயில் ஸ்பீக்கரில் மணி அடிக்கும்படி அவள்தான் எழுதி வைத்திருந்தாள். அடித்தால் மலையடி லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனம் ரோட்டடி ஸ்கூலுக்கு ஓட வேண்டும்.

“மழைக்குப் பயந்து ஸ்கூல்ல போய்ப் படுத்தா, ராவெல்லாம் ஒரே கொசுக்கடி. ஒன் மணிதான் அடிக்கலியேன்னு காலையில எட்டு மணிக்கே புள்ளைங்கள லயத்துக்குக் கூட்டியாந்துட்டேன். ஒன் மவளும் எங்க வீட்டுக் காம்பராவுலதான் தூங்குறா.”

சுதர்ஷினி ஜன்னலை எட்டிப் பார்த்தாள். லயத்துக்குப் பின்னால் மலையைக் காணோம், வெறும் மூட்டம்.

“ஏம்புள்ள, போன மாசம் இங்கிலீசு எழுத்துல எதையோ தட்டித்தானே மணிய அடிச்சுக் காட்டுன? ஒன் பொட்டி தமிழ் படிச்சிருக்கா?” ஜெயம்மா சிரித்தாள்.

சுதர்ஷினி சிரிக்கவில்லை. மணியோடு சேர்க்காமல், திரையில் மட்டும் ‘மண்சரிவு’ என்று தானே ஒரு வரி தட்டி, அதில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடவிட்டாள்.

‘இல்லை’ என்றது.

கண்ணெதிரே இருக்கிற சொல்! முழுச் சொல்லாகத் தேடு என்று எழுதியிருந்தாள். கம்ப்யூட்டருக்கோ தமிழ்ச் சொல் எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. கடைசி ‘வு’வில் கீழே வளைகிற சுழியை எழுத்தோடு சேர்க்காமல், ஏதோ காற்புள்ளி மாதிரி தள்ளிவிட்டிருக்கிறது.

“கொஞ்சம் இருங்கக்கா.”

இடைவெளி வந்தால் சொல் முடிந்தது என்று மாற்றி எழுதி, மணியோடு சேர்த்து மறுபடி ஓடவிட்டாள்.

டாண்! டாண்! டாண்! ஸ்பீக்கர் அலறியது.

“அடேயப்பா, படிச்சிருச்சே! சோதனைதானே, நிப்பாட்டு புள்ள. கீழ பயந்துருவாங்க.”

“அக்கா... நான் இன்னும் சோதனைச் செய்தி அனுப்பவே இல்ல.”

கம்ப்யூட்டர் அன்றைய செய்திகளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தது. ‘உங்கள் தோட்டத்தில் மண்சரிவு அபாயம், உடனே வெளியேறவும்’ என்ற வரிக்குப் பக்கத்தில் மணி காலை ஏழு இருபது; சுவர்க் கடிகாரத்தில் மணி பகல் இரண்டு.