தரை வரைக்கும்
மத்தியான வெயில் கொட்டகைக்குள் நீண்டு, முன்சக்கரம் கழற்றிய பழைய காரின் வயிற்றைத் தொடுகிறது. அதன் அடியில் கிழிந்த பாயில் மல்லாந்து கிடக்கிறான் அவன். மூன்று நாளாகச் சோறு தண்ணி மறந்து தேய்த்து, எண்ணெய் கசியாமல் அடைக்க உள்ளே போகிற ரப்பர் வளையங்களைப் பெட்ரோலில் ஊற வைத்து அலசி, மறுபடி பூட்டிய, சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் காலிப்பர் மூக்குக்கு நேரே பளபளக்கிறது. ஸ்டியரிங்கின் பின்னால் மனைவி. விபத்துக்குப் பிறகு அவள் அங்கே உட்காருவது இன்றுதான். அதுவும் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற இன்னொரு கால் வேண்டுமென்று அவன் கெஞ்சியதால். வீட்டுக்குள் மகள் கட்டுப்போட்ட காலோடு முனகுவது கேட்கிறது. "இவ பதறிப்போய் பிரேக்கையே அமுக்கல" என்று, பார்க்க வந்த சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் அவன்தான் சொல்லி வைத்திருக்கிறான்.

"அமுக்கு," என்கிறான். "அமுக்கிட்டேன்." "இன்னும் நல்லா." "பெடல் தரையைத் தொட்டுருச்சுங்க. அன்னைக்கும் இப்படித்தான் போச்சு." காலிப்பரிலிருந்து பிரேக் எண்ணெய் கசிந்து அவன் கன்னத்தில் சொட்டுகிறது. தலையைத் திருப்புகிறான். காலையில் பெட்ரோல் கிண்ணத்தில் தளர்வாகக் கிடந்த உபரி வளையம் இப்போது ஊறி உப்பி கிண்ணத்தின் விளிம்பை முட்டிக்கொண்டிருக்கிறது. போன வருஷமும் இப்படித்தான் ஊற வைத்து, அலசி, அவன் கையாலேயே பூட்டினான். கையை நீட்டி அந்த வளையத்தை எடுக்கிறான், விரலுக்கிடையில் கொழகொழவென்று நசுங்குகிறது. விடச் சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாதென்று அவளிடம் சொல்லியிருக்கிறான்.

"நான் இன்னும் அமுக்கிட்டுத்தாங்க இருக்கேன்," என்கிறாள் அவள்.