அந்த ஊர் சொகுசு

க்ரீ...ச்!

மாலை ஷிஃப்டின் இடைவேளை. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. தையல் மிஷின்கள் எல்லாம் நின்றிருந்ததால் அந்தச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயந்தாங்கொள்ளி! மேடம் ரூம்ல எதையோ இழுக்கறாங்கடி" என்றாள் காலர் தைக்கும் அக்கா.

ஹாலின் கோடியில் மேனேஜர் மேடத்தின் கண்ணாடி அறை. இன்று வந்ததும் வராததுமாகக் கண்ணாடி முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டிவிட்டார். உள்ளே நடப்பது யாருக்கும் தெரியவில்லை.

"என்னக்கா பண்றாங்க?"

"என்ன பண்ணுவாங்க? கட்டில் போடுவாங்க. நாம தைக்கணும், அவங்க தூங்கணும். அந்த ஊர் சொகுசு லேசுல விடுமா?"

மேடம் வெளியூரில் இருக்கும் எங்கள் கம்பெனியின் இன்னொரு யூனிட்டிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதே கம்பெனி, அதே சட்டை. இங்கே தைத்ததையும் அங்கே தைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தைத்தவளுக்கே அடையாளம் தெரியாது. ஆனால் அங்கே சாய்ந்து உட்கார நாற்காலி உண்டாம். குழந்தை பெற்றவர்களுக்குத் தனி அறையே உண்டாம். இங்கே நூற்றுப்பத்து பெண்களுக்குக் கழிப்பறை மூன்று. ஒன்றுக்கும் தாழ்ப்பாள் கிடையாது.

"இதுக்கே அலுத்துக்கறியே, நான் சேர்ந்தப்ப குடிக்கிற தண்ணியையே வீட்லேருந்து தூக்கிட்டு வரணும்" என்பாள் காலர் அக்கா.

என் கவலை தண்ணீர் இல்லை. பால்.

வீட்டில் ஐந்து மாதக் குழந்தை. ஷிஃப்ட் முடியும்வரை எடுக்காமல் விட்டால் மார் கல்லாகக் கட்டிக்கொள்ளும். நாளாக ஆக வற்றியே போய்விடும் என்று நர்ஸ் வேறு பயமுறுத்தியிருந்தாள். அதனால் தினமும் இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய், ஒரு காலால் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவேன். கொட்டும்போது வயிறு எரியும்.

நேற்று குழாய் ரிப்பேர்காரர் கதவைத் தள்ளினார். "ஆள் இருக்கு" என்று கத்தினேன். அவர் அடுத்த கதவுக்குப் போகும்வரை காலால் தாங்கிக்கொண்டு நின்றேன். வெளியே வந்தால், எதிரே மேடம்!

"தினமும் ரெண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம். உள்ளே என்ன பண்றே?"

"வயித்து வலி, மேடம்."

நனைந்திருந்த என் சட்டையை ஒரு பார்வை பார்த்தார். அப்படியே போய்விட்டார்.

நான் நிரந்தரம் இல்லை. ஏற்றுமதி லேபிளில் எழுத்துப் பிழை பார்க்க எடுத்த தற்காலிக ஆள். 'நாளைலேருந்து வராதே' என்று சொல்ல அரை நிமிஷம் போதும். வேலை போனால் வீட்டு வாடகை எங்கிருந்து வரும்?

"ஏய் கான்வென்ட்டு!" சூப்பர்வைசர் குரல். கான்வென்ட்டில் படித்த பாவத்துக்கு இங்கே என் பெயர் அதுதான். "மேடம் கூப்பிடறாங்க."

காலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேசாம கால்ல விழுந்துடு. இங்கிலீஷ்ல விழுந்து தொலைக்காதே. தமிழ்லயே விழு."

போனேன்.

மேடம் அறையின் பின்கதவுக்கு வெளியே நின்றிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், உள்ளங்கை முழுக்கத் தூசி. அவருடைய பெரிய மேசையும் வெளியேதான் கிடந்தது. இஸ்திரி போடும் இடத்தை ஒட்டி, ஆவி முகத்தில் அடிக்கிற மூலையில். அதைத்தான் அவ்வளவு நேரம் தனியாளாக இழுத்திருக்கிறார்.

"நேத்து பொய் சொன்னே."

"மன்னிச்சிடுங்க மேடம். வேலையை மட்டும்..."

"குழந்தைக்கு எத்தனை மாசம்?"

"அஞ்சு."

கதவைத் திறந்துவிட்டார். உள்ளே அவருடைய சாய்வு நாற்காலி. பக்கத்தில் அவர் சாப்பாடு வைக்கிற சின்ன ஃபிரிட்ஜ், காலியாக. அதன் மேல் கொதிநீரில் கழுவிக் கவிழ்த்த மூன்று பாட்டில்கள்.

"பாலை எடுத்து ஃபிரிட்ஜ்ல வை. போகும்போது கொண்டு போ. பாட்டில்ல பேர் ஒட்டிடு. கட்டிங் செக்ஷன்லயும் கைக்குழந்தைக்காரங்க ரெண்டு பேர் இருக்காங்க, உனக்கப்புறம் அவங்க வருவாங்க."

"இது உங்க ரூம் ஆச்சே, மேடம்!"

"ஹெட் ஆபீஸ்ல தனி ரூம் கேட்டேன். 'அந்த யூனிட் வேற, இந்த யூனிட் வேற'ன்னுட்டாங்க. பால் ஊறதுல ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டா என்ன?"

"அங்கே எல்லாருக்கும் இருக்கு. நீங்க குடுத்துவச்சவங்க மேடம்" என்று உளறினேன்.

"யாரு, நானா?" சிரித்தார். "நான் அங்கே தையல்காரியா சேர்ந்தப்ப அதுவும் இதே லட்சணம்தான். என் பொண்ணுக்கு மூணாம் மாசமே பால் நின்னுபோச்சு. அப்புறம் பன்னிரண்டு பேர் சேர்ந்து கேட்டோம். விடாம கேட்டோம். ரூம் வந்தப்ப அவ மூணாங் கிளாஸ்."

"தேங்க்யூ மேடம்..."

"நின்னு தேங்க்யூ சொல்லிட்டிருந்தா இடைவேளை முடிஞ்சிடும். போ, போ."

முதுகு சாய இடமில்லாத ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஆவிக்கு நடுவே அவர் உட்கார்ந்தார்.

நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.