பத்தாம் நாள் மடிப்பிச்சை

"காத்தாயி அக்கா, மாரியாத்தாவுக்கு ஒரு பிடி போடுங்க."

முந்தானையை விரித்துப் பிடித்தபடி, தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருந்த காம்பிரா அறைகளில் கடைசி அறையின் வாசலில் நின்றாள் பரிமளம்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

காத்தாயி புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். இரண்டு பிள்ளைகள். அட்டை கடித்த புண் சீழ் கட்டி, இரண்டு வாரமாகக் கொழுந்து எடுக்க மலை ஏறவில்லை. வேலைக்குப் போகாதவளுக்கு அரிசி கிடையாது. அதிலும் அது, அரிசிக் கப்பல் சரியாக வராமல் பதுளைப் பக்கத்துத் தோட்டமெல்லாம் பாதி அரிசி, பாதி குரக்கன் எனும் கேழ்வரகு என்று அளந்து போட்ட வருஷம்.

அவளிடம் போய்ப் பிச்சை.

அதே லயத்து ஜெயலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி பரிமளம், கண்ணு அவிஞ்சா போச்சு? பத்தொம்பது வீட்டுல வாங்கினது பத்தலையா?"

"வேண்டுதல் அப்படி மதினி. ஒரு வீடு விட்டாலும் பலிக்காது."

"நல்ல வேண்டுதல். நீயும் ஒம் புருஷனும் நாள் தவறாம வேலைக்குப் போறீங்க. கால் முடியாதவ சட்டியில கை வைக்கிறே."

"மகளுக்காக மதினி." பரிமளம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விரித்த முந்தானையை மட்டும் இறக்கவில்லை.

மகள் ரெங்கம்மாவுக்கு எட்டு வயது. நெஞ்சில் நீர் கோத்து, இரண்டு மாதமாகப் படுத்த படுக்கை. பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மருந்துக்கார ஐயா சொல்லிவிட்டார். அதற்குத் துரை எழுதித் தரும் அனுமதித் துண்டு இன்னும் வரவில்லை. இதற்கு நடுவில்தான் அவள் பேரில் இந்த ஒன்பது நாள் மடிப்பிச்சை.

உள்ளே சட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்த காத்தாயி, அரைப் பிடி குரக்கன் மாவை முந்தானையில் போட்டாள்.

"ஆத்தாவுக்கு இல்லேன்னு சொல்ல வாய் வராது. புள்ள எந்திரிச்சு நடக்கட்டும்."

அன்று சாயங்காலம், தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் இருக்கும் மாரியாத்தா கல்லுக்கு முன்னால் கஞ்சி காய்ச்சினார்கள். பிடி போட்ட வீடுகள் எல்லாம் வந்து குடிக்க வேண்டுமாம். அதுவும் வேண்டுதலாம். பலரும் பேருக்கு ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

இப்படியே எட்டு நாள். எட்டு நாளும் பரிமளம் கடைசி வாசலில் போய் நின்றாள். எட்டு நாளும் ஜெயலெட்சுமி கால் பிடி அரிசி போட்டாள், அரைப் படி வசவும் போட்டாள்.

ஒன்பதாம் நாள் காலையில் துண்டு வந்துவிட்டது. கம்பளியில் கம்பு கோத்துத் தூளி கட்டினார்கள். என்ன இருந்தாலும் நோயாளிப் பிள்ளை என்று ஜெயலெட்சுமியும் பார்க்கப் போனாள்.

ரெங்கம்மா கண்ணைத் திறந்தாள்.

"அத்தை, காத்தாயி பெரியம்மாவுக்குக் கால் ஆறிடுச்சா?"

"அது ஆற இன்னும் ரெண்டு மூணு வாரமாகும். ஒனக்கெதுக்கு அந்தக் கவலை? ஆத்தாகிட்ட ஒன் ஒடம்பைக் கேளு."

"நான் ஒண்ணும் கேக்கல அத்தை. எனக்குன்னு நேர்ந்துக்கவே இல்ல. சும்மா சொன்னோம்."

ஜெயலெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

பிள்ளை மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "நீங்கல்லாம் மலைக்குப் போயிடுவீங்க. நான் மட்டும் படுத்திருப்பேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் பெரியம்மா உலை வைக்கும். தண்ணி கொதிக்கும். அரிசி கழுவுற சத்தமே கேக்காது. 'வேகுது, அதுவரைக்கும் தூங்குங்க'ன்னு தம்பிகள்ட்ட சொல்லும்."

"அப்ப ஒரு சட்டி கஞ்சியக் கொண்டுபோய்க் குடுக்க வேண்டியதுதானே பரிமளம்?"

"குடுத்தேன் மதினி. 'கால்தான் போச்சு, கை போகல. யார்கிட்டயும் பிச்சை வாங்க மாட்டேன்'னு கதவைச் சாத்திட்டாங்க."

"அதுக்கு அவகிட்டயேவா பிச்சை கேப்பே?"

"நானும் மாட்டேன்னுதான் சொன்னேன். இவ விடல."

"பெரியம்மா ஒரு பிடி போட்டாத்தானே அத்தை வந்து குடிக்கும்?" என்றாள் ரெங்கம்மா. "அதுவும் குடுத்ததுதானே. வெக்கப்பட வேணாம்ல."

தூளிக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தூக்கும்போது பிள்ளை ஜெயலெட்சுமியின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கோட ஒம்போது நாள் முடியுது அத்தை. நாளைக்கு?"

ஜெயலெட்சுமி மூக்கைச் சிந்தினாள்.

"போயிட்டு வா புள்ள. திரும்பி வர்றப்ப நடந்து வரணும். தூளியில வந்தே, லயத்துக்குள்ள விட மாட்டேன்."

மறுநாள், கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு எல்லாரும் வந்த நேரம், காத்தாயியின் வாசலில் ஒரு முந்தானை விரிந்தது.

காத்தாயி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, நீங்களா?"

"நான்தான். மேலுக்கு முடியல. இருபத்தொரு நாள் நேர்ந்திருக்கேன். ஒரு வீடு விட்டாலும் பலிக்காதாம். நிக்க முடியல, சீக்கிரம் போடு."

காத்தாயி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சட்டியைச் சுரண்ட உள்ளே போனாள்.

அந்த லயம் கட்டின நாள் முதலாக, ஜெயலெட்சுமி ஒரு தும்மல்கூடத் தும்மியதில்லை.