ஊதாப் பவளம்

விவாகரத்தில் கடல்மீன் தொட்டி குணாளனுக்குப் போனது. அதில் பவளங்களை ஒட்டி வளர்த்தவள் தமயந்தி. இப்போது மீன்கடை வைத்திருக்கும் அவளிடமே கூச்சமில்லாமல் வந்து நின்றான்.

“பவளம், இறால் எதையும் தொடாத கிளாத்தி மீனா ஒண்ணு குடு.”

சாதுவான நீலத்தொண்டைக் கிளாத்தியை வலையில் ஏந்தியபடி கேட்டாள்: “அந்த ஊதாப் பவளம் பொழைச்சுதா?”

“ஜம்முனு இருக்கு. என் வீட்டுக்காரிக்கு அதுன்னா உசுரு.”

வலை கவிழ்ந்தது. எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துக் குதறும் ஆரஞ்சு வரிக் கிளாத்தியைப் பிடித்துப் பையில் கட்டினாள்.

“சண்டை போடாதுல்ல?”

“பச்சப்புள்ள மாதிரி.”

மிரண்டால் அது பொந்துக்குள் புகுந்து முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். பிறகு பாறையை உடைத்தால்தான் வெளியே வரும். எந்தப் பொந்தில் புகும் என்றுகூடத் தமயந்திக்குத் தெரியும். அதன் மேல்தான் ஊதாப் பவளத்தை ஒட்டியிருந்தாள்.