தம்பியின் ரத்தம்

"இன்னைக்கும் வரலையா? அந்த ஆள் மனசுல என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கார்?"

பெரிய டாக்டர் எகிறினார். காலையிலிருந்து ரத்தம் எடுக்க ஒவ்வொரு கையாக நரம்பு தேடித் தேடி நர்ஸுக்குக் கண் எரிந்தது.

பைபோலார் நோய் பரம்பரையில் எப்படி வருகிறது என்று ஆராய்கிற பிரிவு அது. சில மாதம் கால் தரையில் பாவாத உற்சாகம். சில மாதம் சுவரைப் பார்த்தபடி படுக்கை. மாடி வார்டில் படுத்திருக்கும் அண்ணனுக்கு அந்த நோய். அவனோடு இரட்டையாகப் பிறந்த தம்பிக்கு இல்லை. ஆனால் அச்சு அசலாக அதே முகம்.

"மரபணு ஒண்ணு, முகம் ஒண்ணு. ஒருத்தருக்கு வந்தது இன்னொருத்தருக்கு ஏன் வரலை? இந்த மாதிரி ஜோடி கிடைக்கிறதே குதிரைக் கொம்பு. தம்பி ரத்தம் இல்லாம நான் எதை வச்சு ஒப்பிடுறது? இன்னைக்கும் வரலைன்னா ரெண்டு பேரையும் ஆராய்ச்சியிலேர்ந்து தூக்கிடு."

சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பிவிட்டார். நர்ஸ் தம்பிக்குப் போன் போட்டாள்.

"கார் பார்க்கிங்ல ராத்திரிக் காவல்தானே உங்களுக்கு? பகல்ல அப்படி என்ன வெட்டி முறிக்கிறீங்க?"

"பகல்ல முடியாது மேடம்." குரல் கிசுகிசுத்தது. "சாயங்காலம் எப்படியாவது வந்துடுறேன்."

மாடிக்குப் போய் அண்ணனுக்கு பிரஷர் பார்க்கும்போதும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"கூடப் பிறந்தவர்னுதான் பேரு. பார்வை நேரத்துல ஒரு நாளாவது எட்டிப் பார்த்தாரா?"

அண்ணன் திரும்பிப் படுத்துக்கொண்டான். "அவனைத் திட்டாதீங்க" என்று சுவரிடம் சொன்னான்.

சாயங்காலம் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டப் போகிற நேரத்தில் தம்பி வந்து நின்றான். மூச்சு இரைத்தது. கண் இரண்டும் கோவைப்பழம்.

"குடிச்சிருக்கீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம்."

பையைக் கழற்றாமலே அவன் கையில் ரப்பரை இறுக்கிக் கட்டினாள். அதற்குள் அவன் தலை தொங்கிப் போயிற்று. ரத்தம் கொடுப்பவர் தன் பேரைத் தன் வாயால் சொன்ன பிறகுதான் குழாயில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி.

"பேர் சொல்லுங்க."

கண்ணைத் திறக்காமலே சொன்னான். எழுத ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அது மாடியில் படுத்திருப்பவன் பேர்.

"நான் உங்க பேரைக் கேட்டேன்!"

தூக்கிவாரிப்போட்டு விழித்தான். "மன்னிச்சுக்கங்க மேடம். பகல் பூரா அந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிடுறாங்க... வாயில அதுவே வந்துடுச்சு."

"யார் கூப்பிடுறாங்க?"

வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணன் வேலை பார்க்கிற கடையில. போன தடவை இப்படிப் படுத்தப்போ, இருந்த வேலை போச்சு. இதுவும் போச்சுன்னா அவன் எழுந்திருக்கவே மாட்டான் மேடம். அதான் அவன் சட்டையைப் போட்டுக்கிட்டு அவன் இடத்துல நான் போய் நிக்கிறேன். முகம் ஒண்ணுதானே, இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலை."

நர்ஸ் ரப்பரை மெல்லத் தளர்த்தினாள். பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ராத்திரி காவல், பகல்ல கடை. அப்புறம் நீங்க எப்பதான் தூங்குறது?"

தம்பி சிரிக்கப் பார்த்தான்.

"எனக்கும் சேர்த்துத்தான் அண்ணன் தூங்குறானே, மேடம்."