ஆறரை மணி விளக்கு

“அண்ணாச்சி, எவனோ ஒருத்தன் தினமும் உங்கள ஒளிஞ்சு பாக்கான்.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ரிஃபாத் சொன்னான். இப்படி ஒரு செய்தியைக் கேட்டால் யாருக்கும் தூக்கிவாரிப் போட வேண்டும். லாட்ஜ் முதலாளி ஜெபசிங் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“திரைக்கு மேல கேமரா இருக்குல்லா, சாயங்காலம் ஆறரைக்கு அது தானா ஆன் ஆகுது. பத்து நிமிசத்துல ஆஃப் ஆயிருது. ஞாயித்துக்கிழமகூட லீவு கிடையாது. ஒரு வருசமா நடக்குன்னு பதிவுல கிடக்கு.”

“ஒரு வருசமாவா?” ஜெபசிங் சட்டென்று கேமராவை நிமிர்ந்து பார்த்தார். இப்போதாவது பயம் வந்ததே என்று ரிஃபாத் நினைத்துக்கொண்டான்.

தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் அவன். குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்கு முன் இந்த லாட்ஜுக்கு வந்து, இருக்கிற ஒரே மெஷினைத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டுப் போவான். இப்போது சித்திரை. அருவி வெறும் பாறையாகக் காய்ந்து கிடந்தது.

இருபத்திரண்டு அறைச் சாவிகளும் பலகையில் தொங்கின. வேலையாட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே மகள் கிறிஸ்டி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போய் மூன்று வருடம். போகிற அன்று அவர் கோபத்தில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாராம், அதோடு சரி, இன்றுவரை ஒரு போன் கிடையாது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் அந்த மனிதர் பேசுவதற்கு ஒரு பூனைகூட இல்லை.

“நீங்க வச்சிருக்கது இலவச ஆன்டிவைரஸ். வைரஸ் வந்தா பிடிக்கும், அதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. காசு கட்டி வாங்குதது கேமராவையும் சேத்துக் காவல் காக்கும். எவன் எந்த ஊர்லருந்து பாக்கான்னு காட்டிட்டு, ஆளை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திரும்.”

“எந்த ஊருன்னு காட்டுமா?”

“காட்டும்.”

“அப்ப அதையே போடு.”

ரிஃபாத்துக்கு ஆச்சரியம். எரிகிற டியூப் லைட்டில் பாதியை அணைக்க முடியுமா என்று யோசிக்கிற ஆள் இவர். மனம் மாறுவதற்குள் காரியத்தை முடிப்போம் என்று, முப்பது நாள் ஓசியில் பயன்படுத்திப் பார்க்கிற பதிப்பை ஏற்றினான்.

மணி ஆறு இருபது. உள்ளே போன ஜெபசிங், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையும் கொஞ்சம் பவுடருமாகத் திரும்பி வந்தார்.

“என்ன அண்ணாச்சி, கல்யாண வீடா?”

“இல்லலே. நீ கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காரு.” நாற்காலியை விளக்குக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சரியாக ஆறரை. திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று குதித்தது. வெளியாள் கேமராவைத் திறக்கப் பார்க்கிறார், இடம் மஸ்கட், பத்து வினாடியில் தடுக்கப்படும் என்றது.

“பாத்தீங்களா! மஸ்கட்ல உக்காந்துக்கிட்டு வேலை காட்டுதான் பய. இன்னும் பத்து செகண்டு, தொலஞ்சான்.”

“மஸ்கட்டா...” அந்தப் பெயரை அவர் வாய்க்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். எட்டு, ஏழு என்று எண் இறங்கிக்கொண்டிருந்தது.

“அனுமதின்னு ஒண்ணு இருக்கே, அத அமுக்கு.”

“அத எதுக்கு அண்ணாச்சி...”

“அமுக்குலே!”

இத்தனை வருடத்தில் அவர் கத்தி ரிஃபாத் கேட்டதில்லை. அவன் கை ஓடாமல் இருக்க, அவரே மவுஸைப் பிடுங்கினார். அம்புக்குறி எங்கெங்கோ ஓடியது. மூன்று. இரண்டு. ஒன்று என்று வரும்போது அழுத்திவிட்டார்.

கேமரா ஓரத்தில் விளக்கு எரிந்தது. ஜெபசிங் நிமிர்ந்து உட்கார்ந்து அதையே பார்த்தார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. நடுவில் வந்த இருமலைக்கூட மூச்சைப் பிடித்து விழுங்கிக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் விளக்கு அணைந்தது. அடக்கி வைத்திருந்த இருமலையெல்லாம் இருமி முடித்தார்.

“இத எடுத்துரு ரிஃபாத். பழைய இலவசமே போதும்.”

ரிஃபாத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “காசப் பாக்காதீங்க அண்ணாச்சி. என் கடை லைசென்ஸ்ல ஒண்ணு மிச்சம் கிடக்கு, சும்மாவே போட்டுத் தாரேன். நாளைக்கு உங்க மூஞ்சிய வச்சு அவன் என்னவும் செய்வான்!”

“ஒண்ணும் செய்ய மாட்டா.”

“மாட்டாளா?”

“வெளியூர்லருந்து இந்த மெஷினத் தொறக்குத அந்த புரோகிராம இதுல ஏத்துனது கிறிஸ்டி. காலேஜ் ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டே ரூம் புக்கிங் பாப்பா. பாஸ்வேர்டு அவ ஒருத்திக்குத்தான் தெரியும்.”

ரிஃபாத் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினான். “நீங்க ரெண்டு பேரும் மூணு வருசமா முகம் பாத்துக்கிடுதது இல்லன்னுல்லா ஊரே சொல்லுது?” என்று மெதுவாகக் கேட்டான்.

ஜெபசிங் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி, நாளைக்கும் ஆகும் என்று மடிப்புக் கலையாமல் நாற்காலியில் போட்டார்.

“உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னது நாந்தாம்லே. அவ சொல்லலயே.”