துரத்தாத பூனை

குட்டிகளை யாரோ பெட்டியில் வைத்துத் தூக்கிப் போனதிலிருந்து பூனை முருங்கை மரத்தடியை விட்டு எழவே இல்லை. அணில் அதன் மூக்குக்கு முன்னாலேயே நடந்து போனது. பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அணிலுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. திரும்பி வந்து, சற்றுத் தள்ளி நின்று கேட்டது.

"ஏன் என்னைத் துரத்தல?"

"துரத்தி என்ன ஆகப்போகுது?"

"சரி, துரத்த வேண்டாம். உன் கால்ல என்னமோ ஒட்டியிருக்கே, அது என்ன?"

பூனை குனிந்து பார்த்தது. முருங்கைப் பிசின். மெல்ல ஒருமுறை நக்கிவிட்டு மறுபடியும் தலையைச் சாய்த்துக்கொண்டது.

"அவ்வளவுதானா?"

"இன்னிக்கு அவ்வளவுதான்."

மறுநாள் அணில் வந்தபோது பூனையின் அந்த ஒரு கால் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"காதுக்குப் பின்னாடி நாக்கு எட்டாதே, அங்க என்ன பண்ணுவ?"

பூனை காலை நக்கி ஈரமாக்கி, அந்த ஈரத்தால் காதைத் துடைத்துக் காட்டியது.

அதற்கப்புறம் கேள்வியே தேவைப்படவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூனை தன்னைத் தானே துடைத்துக்கொண்டு வந்தது. வால் நுனி வரை வந்த அன்று அதற்குப் பசித்தது.

அணில் வழக்கம்போல முன்னால் வந்து, "இன்னிக்கு எந்த இடம்?" என்று கேட்டது. பூனையின் வால் நுனி துடித்தது. அடுத்த நொடி அணில் மரத்தில் தாவி ஏற, பூனையின் நகங்கள் பட்டையில் பதிந்தன.

உச்சிக் கிளையில் மூச்சு வாங்க உட்கார்ந்த அணில் கீழே பார்த்துச் சொன்னது:

"இன்னும் பழைய வேகம் வரல. நாளைக்கு வரேன்."